இடைவிட்ட தொடக்கக் கோளாறு (கணினி)

இடைவிட்ட தொடக்கக் கோளாறு என்பது, மேசைக் கணினியொன்று சில வேளைகளில் இயல்பாகத் தொடங்கியும் வேறு சில வேளைகளில் தொடங்காமலும் இருக்கும் பழுதைக் குறிக்கும். மின்பொத்தானை அழுத்தியதும் விசிறி மட்டும் சுழன்று திரை இருண்டிருத்தல், ஓரிரு நொடிகள் இயங்கித் தானாகவே அணைதல், மூன்றாம் நான்காம் முயற்சியில் மட்டும் தொடங்குதல் ஆகியன இதன் வழமையான வடிவங்கள் ஆகும். ஒருமுறை தொடங்கிவிட்டால் நாள் முழுதும் சிக்கலின்றி இயங்கக்கூடும் என்பதே இக்கோளாறின் தனித்தன்மை. முற்றிலும் இயங்காத கணினியில் பழுதைக் காண்பது ஒப்பீட்டளவில் எளிது. இடைவிட்டுப் பழுதாகும் கணினியோ பழுதுபார்ப்பவரின் மேசையில் வைத்தவுடன் ஒழுங்காக இயங்கத் தொடங்கிவிடும்.

உதிரிப் பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலோ சிறு கடையிலோ பூட்டிய கணினிகளில் இக்கோளாறு மிகுதியாகப் பேசப்படுகிறது. இக்கணினிகள் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 'அசெம்பிள்டு' கணினி எனப் பொதுவாக வழங்கப்படுகின்றன. பாகங்கள் தரங்குறைந்தவை என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. முழுக்கணினிக்கும் பொறுப்பேற்று அதைச் சோதித்துப் பார்த்தவர் எவரும் இல்லை என்பதே முதன்மைக் காரணம் எனலாம்.

ஆலைக் கணினியும் வீட்டுக் கணினியும்

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளப் புதுச்சேரியின் சேதராப்பட்டு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். புதுச்சேரி நகரிலிருந்து மயிலம் செல்லும் சாலையில் அமைந்துள்ள இத்தொழிற்பேட்டைப் பகுதியில் எச்.சி.எல். இன்ஃபோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கணினி ஆலை இயங்கி வந்தது. விப்ரோ நிறுவனமும் புதுச்சேரியில் கணினிகளைப் பொருத்தியது. ஐ.பி.எம். நிறுவனத்தின் தனிமேசைக் கணினிப் பிரிவை 2005-இல் லெனோவா வாங்கியபோது அதன் புதுச்சேரி ஆலையும் லெனோவாவிடம் சென்றது. இந்தியாவில் விற்பனையான பெயர்பெற்ற கணினிகளில் பல இவ்வாறு புதுச்சேரி மண்ணில் பொருத்தப்பட்டவையே. எச்.சி.எல்., விப்ரோ ஆகிய இரண்டும் 2010-களின் நடுப்பகுதிக்குள் கணினி உற்பத்தியிலிருந்து விலகிவிட்டன.

இத்தகைய ஆலைகளில் பொருத்தப்படுபவையும் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கிய பாகங்களே. செயலி ஒரு நிறுவனத்துடையது, நினைவகம் மற்றொன்றினுடையது, மின்வழங்கி வேறொன்றினுடையது. இந்த வகையில் ஆலைக்கும் சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி வந்து பூட்டும் மாணவருக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு அதன் பின்னரே தொடங்குகிறது. கணினி ஆலைகள் ஒன்றோடொன்று பொருந்தும் எனச் சோதித்தறிந்த பாகங்களை மட்டுமே ஒரு மாதிரியில் சேர்க்கின்றன. பொருத்திய கணினியைப் பல மணிநேரம், சில ஆலைகளில் வெப்ப அறையில் வைத்தும், தொடர்ந்து இயக்கிப் பார்க்கின்றன. மின்னணுப் பொருட்களின் பழுது வீதம் தொடக்கத்தில் மிகுந்தும், நடுவில் குறைந்தும், முதுமையில் மீண்டும் மிகுந்தும் காணப்படும். வரைபடத்தில் இது குளியல்தொட்டியின் குறுக்குவெட்டுப் போல் தோன்றுவதால் குளியல்தொட்டி வளைவு எனப்படும். இவ்வளவின் முதற்பகுதியை ஆலையிலேயே கழித்துவிடுவதே நீடித்த இயக்கச் சோதனையின் நோக்கம். வீட்டில் பூட்டிய கணினியில் அச்சோதனையைச் செய்பவர் அதன் உரிமையாளரே, அதுவும் அறியாமலேயே.

தொடக்கத்தின்போது நிகழ்வன

பழுது எக்கட்டத்தில் நிகழ்கிறது என்பதை அறியாமல் பாகங்களை மாற்றுவது வீண்செலவு ஆகும். எனவே மின்பொத்தானை அழுத்தியதும் நிகழ்வனவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

கணினி அணைந்திருக்கும்போதும், சுவர்ச் சொருகியில் மின்சாரம் உள்ளவரை, மின்வழங்கி 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைத் தாய்ப்பலகைக்கு அளித்துக்கொண்டே இருக்கும். இம்மின்வழங்கியே கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்றும், தாய்ப்பலகை மதர்போர்டு என்றும் அழைக்கப்படுகின்றன. பொத்தானை அழுத்தும்போது நேரடியாக எந்தப் பெரிய மின்னோட்டமும் திறக்கப்படுவதில்லை. காத்திருப்பு மின்சாரத்தில் விழித்திருக்கும் ஒரு சிறு சுற்று அந்த அழுத்தத்தை உணர்ந்து, மின்வழங்கியிலிருந்து வரும் பச்சை நிறக் கம்பியைச் சுழி வோல்ட்டுக்கு இழுக்கிறது. இதுவே 'தொடங்கு' என்னும் ஆணை. 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வரையறையிலிருந்து இம்முறை வழக்கில் உள்ளது.

ஆணை பெற்றதும் மின்வழங்கி 12, 5, 3.3 வோல்ட் மின்னழுத்தங்களை உருவாக்குகிறது. இவை குறிப்பிட்ட அளவிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. அதாவது 12 வோல்ட் தடத்தில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். மூன்றும் நிலைபெற்ற பின், 100 முதல் 500 மில்லி விநாடிகளுக்குள், 'மின்சாரம் சீராக உள்ளது' என்னும் குறிகையைச் சாம்பல் நிறக் கம்பி வழியே மின்வழங்கி அனுப்புகிறது. இக்குறிகை வராதவரை தாய்ப்பலகை செயலியை விடுவிப்பதில்லை. விசிறி சுழன்றும் திரை இருண்டிருக்கும் நிலைக்கு இதுவும் ஒரு காரணம். விசிறிக்கு 12 வோல்ட் கிடைத்தாலே போதும், அது சீராக இருக்க வேண்டும் என்பதில்லை. விசிறி சுழல்வதைக் கொண்டு மின்வழங்கி நன்றாக உள்ளது என முடிவு செய்தல் மிகப் பரவலான தவறு.

இதன் பின்னர், தாய்ப்பலகையில் செயலியைச் சுற்றியுள்ள மின்மாற்றுச் சுற்றுகள் 12 வோல்ட்டை ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைத்துச் செயலிக்கு அளிக்கின்றன. செயலி தன் முதல் கட்டளையைப் பயோஸ் சில்லிலிருந்து படிக்கிறது. தற்காலக் கணினிகளில் அச்சில்லில் இருப்பது யூ.ஈ.எஃப்.ஐ. எனப்படும் மென்பொருள் ஆகும். அது நினைவகம், வரைகலை அட்டை, விசைப்பலகை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. தொடக்கத் தற்சோதனை எனப்படும் இது 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிமேசைக் கணினியிலேயே இடம்பெற்றது. சோதனையில் ஏதேனும் தவறினால் கணினி ஒலிப்பானால் குறிப்பு எழுப்பும். ஒலிகளின் பொருள் பயோஸ் எழுதிய நிறுவனத்தைப் பொறுத்து மாறுபடும். அவார்டு பயோஸில் ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் வரைகலை அட்டைப் பழுதைக் குறிக்கும். இத்துறையில் பெயர்பெற்ற அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனம் 1985-இல் இந்திய வம்சாவளியினரான சுப்ரமணியன் சங்கர், பாட் சர்மா ஆகியோரால் தொடங்கப்பட்டதாகும். அந்நிறுவனத்திற்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு.

இப்போது விற்கப்படும் தாய்ப்பலகைகளுடன் ஒலிப்பான் பெரும்பாலும் வருவதில்லை. அதற்கு ஈடாகச் செயலி, நினைவகம், வரைகலை, தொடக்கவட்டு என நான்கு சிறு விளக்குகள் பல பலகைகளில் உள்ளன. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அக்கட்டத்தில் கணினி நின்றுள்ளது எனக் கொள்ளலாம். விளக்கும் இல்லாத பலகைக்குச் சில ரூபாய்களில் கிடைக்கும் சிறு ஒலிப்பானை வாங்கிப் பொருத்துவது, புதிய மின்வழங்கி வாங்குவதைவிட முதலில் செய்யத்தக்கது.

எப்போது தொடங்க மறுக்கிறது

இடைவிட்ட பழுதை ஆராய்பவருக்குக் கிடைக்கும் மிகச்சிறந்த சான்று, அது எப்போது நிகழ்கிறது என்பதே. 'சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை' என்னும் விவரிப்பால் பயனில்லை. ஒரு தாளில் நாள், நேரம், கணினி எவ்வளவு நேரம் அணைந்திருந்தது, சுவர்ச் சொருகி நிறுத்தப்பட்டிருந்ததா, எத்தனையாவது முயற்சியில் தொடங்கியது, விளக்கு அல்லது ஒலி என்ன காட்டியது என்பனவற்றை ஒரு வாரம் எழுதி வந்தால் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு புலப்படும்.

இரவு முழுதும் அணைந்திருந்து காலையில் முதல் முயற்சியில் தொடங்க மறுத்து, சில முயற்சிகளுக்குப் பின் தொடங்கி, பின்னர் நாள் முழுதும் ஒழுங்காக இயங்குமாயின் மின்தேக்கிகளை ஐயுற வேண்டும். மின்பகுபொருள் கொண்ட மின்தேக்கி முதுமையடையும்போது அதன் உட்தடை உயர்கிறது. குளிர்ந்த நிலையில் இத்தடை மேலும் மிகுதி. ஒவ்வொரு முயற்சியிலும் அது சற்று வெப்பமடைந்து தடை குறைய, இறுதியில் கணினி தொடங்கிவிடுகிறது. இங்குக் குளிர் என்பது மார்கழிப் பனியை அன்று, கணினி தன் இயக்க வெப்பத்தை இழந்திருக்கும் நிலையைக் குறிக்கும். புதுச்சேரியின் கோடையிலும் இது நிகழும். சுவர்ச் சொருகியை நிறுத்தாமல் விட்ட நாட்களில் மட்டும் கணினி ஒழுங்காகத் தொடங்கினால், காத்திருப்பு மின்சாரச் சுற்றில் உள்ள மின்தேக்கியே நலிந்துள்ளது எனக் கருதலாம். அச்சுற்று ஓயாமல் இயங்குவதால் மின்வழங்கியின் பிற பகுதிகளைவிட முன்னதாகத் தளர்வது வழக்கம்.

இதற்கு மாறாக, குளிர்ந்திருக்கும்போது தொடங்கி, சிறிது நேரம் இயங்கிய பின் மீள்தொடக்கம் செய்கையில் மறுக்குமாயின், வெப்பத்தால் விரியும் ஏதோவொன்று காரணமாகலாம். பற்றவைப்பில் ஏற்பட்ட நுண்பிளவு, செயலியின் மேல் சரியாக அமராத வெப்பமகற்றி ஆகியன இவ்வகை.

தொடங்கி ஏறத்தாழ நான்கு நொடிகளில் தவறாமல் அணையும் கணினியில், விலையுயர்ந்த எதையும் ஐயுறும் முன் மின்பொத்தானைப் பார்க்க வேண்டும். பொத்தானை நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் கணினி அணைய வேண்டும் என்பது வடிவமைப்பிலேயே உள்ள விதி. மலிவான பெட்டிகளில் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டு, அழுத்திப் பிடித்தது போலவே இருந்துவிடும். பொத்தானிலிருந்து தாய்ப்பலகைக்கு வரும் இரு முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு, அவ்விரு ஊசிகளையும் திருப்புளியால் ஒரு கணம் தொட்டுக் கணினியைத் தொடங்கிப் பார்க்கலாம். இவ்வூசிகளில் 5 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இருப்பதில்லையாதலால் இது ஆபத்தற்றது. ஆயினும் பக்கத்து ஊசிகளைத் தொட்டுவிடாமல் கவனம் தேவை.

பெட்டியை நகர்த்திய பின், அல்லது பக்கவாட்டில் தட்டினால் பழுது மாறுமாயின் அது இணைப்புச் சிக்கல். வீட்டில் பூட்டியோர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தாய்ப்பலகையின் கீழ் நிறுத்தும் பித்தளைத் தாங்குதிருகுகளில் ஒன்று, பலகையில் துளையில்லாத இடத்தில் விடப்பட்டிருந்தால், அது பலகையின் அடிப்புறத்தைத் தொட்டும் தொடாமலும் குறுக்குச்சுற்றை உண்டாக்கும். பலகையைக் கழற்றி அட்டைப்பெட்டியின் மேல் வைத்து இயக்கும்போது பழுது மறைந்தால் இதுவே காரணம் என்பது ஏறத்தாழ உறுதி.

மின்தேக்கிப் பழுது அலை

இக்கோளாறு தனிப்பட்டோர் பூட்டிய கணினிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1990-களின் இறுதியிலிருந்து 2000-களின் நடுப்பகுதி வரை உற்பத்தியான ஏராளமான தாய்ப்பலகைகளில், குறைபாடுடைய மின்பகுபொருள் கொண்ட மின்தேக்கிகள் சில ஆண்டுகளிலேயே புடைத்து, கசிந்து, சிலவேளை வெடித்தன. ஒரு நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட அரைகுறை வேதிக் குறிப்பே இதற்குக் காரணம் எனப் பரவலாகக் கூறப்பட்டாலும், எல்லாப் பழுதுகளையும் அக்கதையால் விளக்க இயலாது. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் ஜி.எக்ஸ்.270, ஜி.எக்ஸ்.280 வகைக் கணினிகள் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டன. அந்நிறுவனம் 2005-இல் இதன்பொருட்டு 30 கோடி டாலர் செலவைக் கணக்கில் காட்டியது. ஆலைச் சோதனையைக் கடந்த கணினிகளே அவை. சில மணிநேரச் சோதனையில் வெளிப்படாத முதுமைக் குறை அது.

மின்தேக்கியின் தலைப்பகுதியில் கூட்டல் குறி போன்ற வெட்டுத்தடம் காணப்படும். உள்ளே வளிமம் சேர்ந்தால் வெடிக்காமல் அவ்விடத்தில் திறந்துகொள்வதற்காகவே அது உள்ளது. தட்டையாக இருக்க வேண்டிய அத்தலை மேடாகியிருந்தாலோ பழுப்புநிறப் படிவு காணப்பட்டாலோ மின்தேக்கி கெட்டுள்ளது. எனினும் தலை தட்டையாக இருப்பது நலத்திற்குச் சான்றாகாது. தற்காலத் தாய்ப்பலகைகளில் பெரும்பாலும் திண்மப் பலபடி மின்தேக்கிகள் பயன்படுகின்றன. மின்வழங்கிகளில் நீர்ம மின்பகுபொருள் கொண்டவை இன்னும் உள்ளன. இவற்றின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. சுவரோடு ஒட்டிய மரமேசையின் அடைப்பில் கணினிப் பெட்டியை நுழைத்து வைக்கும் வழக்கம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஈரப்பதமும் தொடுமுனைகளும்

கடலோரப் பகுதிகளில் ஈரமும் உப்பும் கலந்த காற்று உலோகத் தொடுமுனைகளில் மெல்லிய படலத்தை உருவாக்குகிறது. நினைவக அட்டையின் முனைகள் பொன்முலாம் பூசப்பட்டவையாயினும், பூச்சு மிக மெல்லியது. மின்வழங்கி இணைப்பிகளில் பெரும்பாலும் வெள்ளீயப் பூச்சே உண்டு. மழைக்காலத்தில் மட்டும் தோன்றும் தொடக்கக் கோளாறுகளுக்கு இதுவே முதற்காரணமாகக் கருதத்தக்கது.

நினைவக அட்டையைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் முனைகளைத் தேய்த்து மீண்டும் செருகுவது நம் ஊர்க் கடைகளில் யாவரும் அறிந்த மருத்துவம். இது பல வேளைகளில் பலன் தருவது உண்மையே. ஆனால் பலன் தருவது தேய்த்தலா, கழற்றிச் செருகியதா என்பது தெளிவில்லை. கழற்றிச் செருகுதலே படலத்தைக் கீறித் தொடர்பைப் புதுப்பிக்கும். மணல் கலந்த மை ரப்பர் பொன்முலாமையே உரித்துவிடும். எனவே முதலில் கழற்றிச் செருகிப் பார்த்து, தேவையாயின் ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தோய்த்த துணியால் துடைப்பதே நன்று.

வெள்ளத்தில் நனைந்த கணினி வேறு வகை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது அங்கு ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. அத்தகைய வேளையில் நனைந்த கணினியை 'இயங்குகிறதா' எனப் பார்ப்பதற்காக மின்னூட்டுவதே அதற்குப் பெருங்கேடு விளைவிக்கும். பாகங்களைப் பிரித்து, தூய நீரால் சேற்றைக் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே சோதிக்க வேண்டும். மின்வழங்கி நனைந்திருந்தால் அதை மாற்றிவிடுதல் தகும்.

பிரித்தறியும் முறை

பழுதறிதலின் அடிப்படை விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல். நினைவகத்தையும் மின்வழங்கியையும் ஒருசேர மாற்றிய பின் கணினி தொடங்கினால், எது கெட்டது என்பது என்றும் தெரியாது. முதலில் செயலி, ஒரேயொரு நினைவக அட்டை, மின்வழங்கி ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கழற்ற வேண்டும். அந்நிலையில் கோளாறு தொடர்ந்தால் தேடவேண்டிய பரப்பு சுருங்கிவிடுகிறது. கோளாறு நின்றால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து வர வேண்டும்.

பன்மானி இருப்போர், கணினி தொடங்கும் தறுவாயில் 12, 5 வோல்ட் தடங்களை அளக்கலாம். ஆனால் பன்மானி ஒரு நொடிக்குச் சில முறை மட்டுமே அளவெடுப்பதால், சில மில்லி விநாடிச் சரிவை அது காட்டாது. அளவு சரியாக உள்ளது எனப் பன்மானி கூறுவதை நற்சான்றாகக் கொள்ளாமல், அளவு தவறு எனக் கூறுவதை மட்டும் நம்புவது முறை. பெட்டியுடன் இலவசமாக வரும் மின்வழங்கிகளின் மேல் அச்சிட்ட வாட் அளவையும் அவ்வாறே ஐயத்துடன் நோக்க வேண்டும். நண்பரிடமிருந்து நல்ல மின்வழங்கியொன்றை இரவல் பெற்றுப் பொருத்திப் பார்ப்பதே உறுதியான சோதனை.

தாய்ப்பலகையிலுள்ள சி.ஆர்.2032 பொத்தான் மின்கலம் புதிதாயின் 3 வோல்ட் அளவு காட்டும். நாளும் நேரமும் அடிக்கடி பழைய நிலைக்குத் திரும்புமாயின் அதை மாற்ற வேண்டும். குறைந்த விலையில் தீரும் பழுது இது. நினைவகத்தை அதன் உச்ச வேகத்தில் இயக்கும் எக்ஸ்.எம்.பி. போன்ற அமைப்புகள் பயோஸில் தெரிவு செய்யப்பட்டிருந்தால், அவற்றை நீக்கிப் பார்ப்பதும் செலவில்லாச் சோதனையே.

வீட்டின் நில இணைப்பும் கவனிக்கத்தக்கது. கணினிப் பெட்டியைத் தொட்டால் 'சுரீர்' என உணரப்படுமாயின் மூன்றாம் ஊசி நிலத்துடன் இணைக்கப்படவில்லை எனலாம். மின்வழங்கியின் வடிகட்டிச் சுற்று, நில இணைப்பு இல்லாதபோது பெட்டியை வழங்கு மின்னழுத்தத்தின் பாதிக்கு, அதாவது ஏறத்தாழ 115 வோல்ட்டுக்கு, உயர்த்திவிடும். மின்னோட்டம் மிகச் சிறியதாயினும் இது புறக்கணிக்கத்தக்கதன்று. வீட்டு மின்பணியாளரைக் கொண்டு சரிசெய்ய வேண்டும். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் பயிற்சியற்றோர் திறத்தல் கூடாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டம் அதனுள் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னழுத்தமாகத் தேக்கிவைக்கப்படுகிறது. சொருகியைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் எஞ்சியிருக்கும்.

பழுது நீங்கியதா?

முற்றிலும் கெட்ட கணினி தொடங்கினால் பழுது நீங்கியது எனலாம். இடைவிட்ட பழுதில் அவ்வாறு கூற முடியாது, ஏனெனில் பழுதான கணினியும் பல முறை தொடங்கவே செய்யும். சிறு கணக்கொன்று இதைத் தெளிவாக்கும். ஐந்தில் ஒருமுறை தொடங்க மறுக்கும் கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் எதையும் சரிசெய்யாமலேயே, அடுத்தடுத்து ஐந்து முறை ஒழுங்காகத் தொடங்குவதற்கான வாய்ப்பு 0.8-இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது 33 விழுக்காடு. பத்து முறை தொடங்க 11 விழுக்காடு. பதினான்கு முறையாகும்போதுதான் அது 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குகிறது. பத்தில் ஒருமுறை மறுக்கும் கணினிக்கு இவ்வெண்ணிக்கை 29. சுருங்கக் கூறின், எத்தனை முயற்சிக்கு ஒருமுறை பழுது தோன்றியதோ அதைப்போல் மூன்று மடங்கு முயற்சிகள் தொடர்ந்து வெற்றி பெற்றாலன்றிப் பழுது நீங்கியதாகக் கொள்ளலாகாது.

அம்முயற்சிகளும் பழுது தோன்றிய அதே சூழலில் நிகழ வேண்டும். காலையில் முதல் முறை மட்டும் மறுக்கும் கணினியை, மாலையில் அணைத்து அணைத்துப் பதினைந்து முறை தொடங்கிப் பார்ப்பதில் பொருளில்லை. அக்கணினிக்குப் பதினைந்து காலைகள் தேவை. கடைக்காரர் ஒருமுறை இயக்கிக் காட்டிப் பணம் பெற்றுக்கொள்வதும், வாடிக்கையாளர் மறுவாரம் அதே பெட்டியுடன் திரும்பி வருவதும் பெரும்பாலும் இக்கணக்கை இருவரும் கருதாமையால் விளைபவை.

கோளாறு போலத் தோன்றுவன

டி.டி.ஆர்.5 வகை நினைவகம் கொண்ட கணினிகள் முதன்முறை தொடங்கும்போதும், நினைவகத்தை மாற்றிய பின்னரும், நினைவகத்தின் நேர அளவுகளைத் தாமே ஒத்திசைத்துக் கொள்கின்றன. இதற்குச் சில நிமிடங்கள் வரை ஆகலாம். அதுவரை திரை இருண்டே இருக்கும். பொறுமையிழந்து பொத்தானை அழுத்தி அணைப்பவருக்கு இது முடிவில்லாப் பழுதாகத் தோன்றும்.

2012-இல் வெளியான விண்டோசு 8 முதல், 'அணை' என்னும் கட்டளை இயங்குதளத்தை முழுமையாக மூடுவதில்லை. கருவின் நிலையை வட்டில் சேமித்து, அடுத்த தொடக்கத்தில் அதை மீட்கிறது. அச்சேமிப்புச் சிதைந்தால் தொடக்கம் தடுமாறும், ஆனால் 'மீள்தொடக்கு' கட்டளையால் தொடங்கும்போது சிக்கல் இராது. பயோஸின் முகப்புத் திரை ஒவ்வொரு முறையும் தவறாமல் தோன்றி, அதன் பின்னரே கணினி நிற்குமாயின், மின்வழங்கியையும் நினைவகத்தையும் விட்டுவிட்டு வட்டையும் இயங்குதளத்தையும் ஆராய்வதே பொருத்தம். வேகத் தொடக்கம் எனப்படும் இவ்வசதியை அமைப்புகளில் நிறுத்திவிட்டு, மேற்கூறிய மூன்று மடங்கு எண்ணிக்கையில் தொடங்கிப் பார்க்கலாம்.